கார் வைத்திருக்கிற எனக்கும் ரேஷன் அரிசி எதற்கு?

#1 பீளமேட்டுக்காரன்

ரொம்ப நாளாக மனதில் ஓடுகிற கேள்வி இது, கட்சிச் சண்டை ஆக்காமல் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

எங்கள் வீட்டுக் கார்டு அப்பா மில் வேலையில் இருந்தபோது வாங்கியது. அப்போது பச்சை கார்டு, இப்போது ஸ்மார்ட் கார்டு, வகை மட்டும் மாறவில்லை, அரிசி கார்டுதான். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், வருமான வரி கட்டுகிறோம், வாசலில் கார் நிற்கிறது. மாதம் பிறந்தால் எங்கள் பெயருக்கு 20 கிலோ அரிசி விலையில்லாமல் வந்துவிடுகிறது. அம்மா போய் வாங்கி வருவார், கொஞ்சம் இட்லிக்கு, மீதி வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு. போன வாரம் பேச்சுவாக்கில் அந்த அக்கா சொன்னார், அவர் வீட்டில் ஆறு பேர், அவர்களுக்கும் அதே 20 கிலோதானாம். அன்று இரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

2023-24 தமிழக பட்ஜெட்டில் உணவு மானியத்துக்கு மட்டும் 10,500 கோடி ஒதுக்கினார்கள். அதில் என்னைப் போன்றவர்களுக்குப் போவது எவ்வளவு? எங்களை எல்லாம் நீக்கிவிட்டு அந்த அக்காவுக்கு 40 கிலோ கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அரசு கொள்கை வகுக்கிறவர்களுக்கு இந்தச் சின்னக் கணக்கு தெரியாமலா இருக்கும்?

#2 தராசுக்காரர்

தம்பி, நான் கூட்டுறவு ரேஷன் கடையில் 28 வருடம் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன், விழுப்புரம் பக்கம். உங்கள் கேள்வி நல்ல மனதிலிருந்து வருகிறது. ஆனால் "எங்களை எல்லாம் நீக்கிவிட்டு" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரிக்குள்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. யார் நீக்குவது, எதை வைத்து நீக்குவது?

1997 ஜூனில் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று ரேஷனை இரண்டாகப் பிரித்தது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை, எல்லோருக்கும் ஒரே கடை, ஒரே அரிசி என்றே நடத்தியது. அப்போது நான் கடையில் இருந்தேன். எங்கள் ஊரில் அந்தப் பட்டியல் எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் வேறு பல பட்டியல்கள் எடுத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்கள் பெயர் ஏறும், அப்புறம் அவர்களுக்கு வேண்டியவர்கள், கடைசியில் இடம் மிச்சம் இருந்தால் காலனியில் நாலு பேர். செங்கல் சூளைக்கு ஆறு மாதம் போய்விட்ட குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொன்று. கடைக்கு வாத்தியார் வீட்டம்மாவும் வருவார், கூலிக்குப் போகிற அம்மாவும் வருவார். அரிசியில் வண்டும் நெடியும் இருந்தால் வாத்தியார் வீட்டம்மா தாசில்தார் வரை போவார், நாங்கள் மூட்டையைத் திருப்பி அனுப்புவோம். அவர் வராத கடையில் அந்த மூட்டை திரும்பாது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

ஒன்று செய்யுங்கள், உங்கள் கார்டை எடுத்து அதில் வகைக் குறியீடு பி.எச்.எச். என்று இருக்கிறதா, என்.பி.எச்.எச். என்று இருக்கிறதா பாருங்கள். அந்த அக்காவின் கார்டையும் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

#3 கணக்கு முக்கியம்

தராசுக்காரர் ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசே வெள்ளை அறிக்கை வெளியிட்டது, ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் கடன் என்று அதில் இருந்தது. 2023-24இல் டாஸ்மாக் வருவாய் 45,855 கோடி. அதாவது கூலிக்குப் போகிறவன் சாயங்காலம் குடிக்கிற பணத்தை வாங்கி, அதிலிருந்து அவன் வீட்டுக்கும் பீளமேட்டுக்காரர் வீட்டுக்கும் சேர்த்து அரிசி கொடுக்கிறோம். இதை எப்படி நியாயம் என்று ஏற்பது?

எல்லோருக்கும் கொடுப்பது அரசியல்வாதிக்குச் சுலபம், யாருடைய ஓட்டும் போகாது. பட்டியலில் தப்பு வரும் என்றால் பட்டியலைச் சரி செய்ய வேண்டும். ஆதார் இருக்கிறது, மின் இணைப்பு எண் இருக்கிறது, வாகனப் பதிவு இருக்கிறது. 1997இல் முடியாதது இன்றைக்கு முடியும். அந்தப் பணத்தில் அரசுப் பள்ளிக்கு வகுப்பறை கட்டலாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆள் போடலாம்.

#4 எல்லைப் பாலக்காடு

நான் வேலந்தாவளம் பக்கம், வீட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா. இரண்டு ரேஷனையும் பார்த்து வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவிலிருந்து கேரளாவில்தான் எல்லோருக்கும் ரேஷன் என்பது மிக வலுவாக இருந்தது. என் பாட்டி வீட்டில் ரேஷன் அரிசிதான் உலையில் போகும். 1997க்குப் பிறகு ஏ.பி.எல்., பி.பி.எல். (வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ்) என்று பிரித்தார்கள். 2000 பட்ஜெட்டில் ஏ.பி.எல். காரர்களுக்கு மானியமே இல்லாமல் முழு அடக்க விலை வைத்தார்கள். வெளிக்கடை விலைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லாதபோது யார் வரிசையில் நிற்பார்கள்? வாங்குவது நின்றது. வியாபாரம் குறைந்ததும் தனியார் கையில் இருந்த ரேஷன் கடைகள் தள்ளாடின, பாதி நாள் பூட்டியே கிடந்தன. பூட்டிய கடையால் அடி வாங்கியது ஏ.பி.எல். காரரா? அவர் பலசரக்குக் கடைக்குப் போய்விட்டார். அடி வாங்கியது பி.பி.எல். கார்டு வைத்திருந்தவர்தான்.

நாடு முழுக்கவும் அதே கதை. மும்பை தாராவியில், அவ்வளவு பெரிய குடிசைப் பகுதியில், அப்போது கொடுத்த பி.பி.எல். கார்டுகள் 151. 2002இல் அரசுக் கிடங்குகளில் 6 கோடி டன்னுக்கு மேல் தானியம் குவிந்து கிடந்தது, வாங்க வேண்டியவர்களைத்தான் வெளியே தள்ளிவிட்டார்களே. உணவு உரிமை வழக்கு 2001இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் அந்த நேரத்தில்தான்.

சத்தீஸ்கரையும் பாருங்கள். 2004இல் தனியாரிடமிருந்து கடைகளைப் பிடுங்கிப் பஞ்சாயத்துக்கும் கூட்டுறவுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கொடுத்தார்கள், 2007 வாக்கில் பயனாளிகளை விரித்தார்கள், விலையைக் குறைத்தார்கள். செய்தது பா.ஜ.க. அரசு, ரமன் சிங். திராவிடக் கட்சிகளின் ஓட்டு அரசியல் மட்டும்தான் இது என்று சொல்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

#5 வெண்ணாற்றங்கரை

சுருக்கமாக ஒன்று. நெல் யார் வாங்குவது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். குறுவையில் மழைக்கு முன்னால் களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நிற்கிறவனுக்கு நேரடி கொள்முதல் நிலையம்தான் கதி. 1972இல் ஆரம்பித்த நுகர்பொருள் வாணிபக் கழகம்தான் வாங்கி, அரைத்து, கடைக்கு அனுப்புகிறது. ரேஷனில் ஆள் குறைந்தால் கொள்முதல் குறையும், நாங்கள் தனியார் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எங்களுக்கு இப்போதும் கொள்முதலில் குறை ஆயிரம் உண்டு, ஈரப்பதம் என்று நாள் கணக்கில் நிறுத்தி வைக்கிறார்கள், மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறார்கள். அது வேறு இழையில் பேச வேண்டியது.

#6 அட்டன் தம்பி

இந்தியாவில் இருக்கிற உறவுகள் பேசுகிற இடத்தில் நான் வரலாமோ தெரியாது, ஆனால் நீங்கள் யோசிக்கிற விசயத்தை எங்கட நாடு செய்து பார்த்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

இலங்கையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே கூப்பன் அரிசி. பணக்காரர், ஏழை என்று பார்க்காமல் கூப்பன் புத்தகம் இருந்தால் சங்கக் கடையில் அரிசி. 1953இல் டட்லி சேனநாயக்க அரசு கூப்பன் அரிசியை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது, சூட்டில் ஆட்கள் செத்தார்கள், கொஞ்ச நாளில் பிரதமர் பதவி விலகினார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் எந்த அரசும் அரிசியை முழுதாகக் கைவிடத் துணியவில்லை.

77இல் ஜே.ஆர். ஜெயவர்தன ஆட்சிக்கு வந்தார். அவர் எடுத்தவுடன் நிறுத்தவில்லை, கணக்கு முக்கியம் அண்ணை சொல்கிற வழியில்தான் போனார். 1978இல் மாத வருமானம் 300 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்களுக்கு மட்டும் என்று சனத்தொகையில் ஏறக்குறைய பாதியைக் கழித்தார். 1979 செப்டம்பரில் அரிசிக்குப் பதில் உணவு முத்திரை, கடையில் கொடுத்துச் சாமான் வாங்குகிற சீட்டு. காரணமும் இதே காரணம்தான், மிச்சப்படுகிற காசில் அபிவிருத்தி, மகாவலி ஆற்றுத் திட்டம், சுதந்திர வர்த்தக வலயம்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். முத்திரையில் அச்சடித்த ரூபாய் அப்படியே இருந்தது, சாமான் விலை ஏறிக்கொண்டே போனது, இரண்டு மூன்று வருடத்துக்குள் அந்த முத்திரைக்கு வாங்கக்கூடியது ஏறக்குறைய பாதியாகத் தேய்ந்துவிட்டது. 53இல் 45 சதம் கூட்டியதற்குத் தெருவில் இறங்கிய நாடு இந்த முறை சத்தம் போடவே இல்லை. சத்தம் போடக்கூடிய பாதிப் பேர் முதலே பட்டியலுக்கு வெளியே போய்விட்டார்கள், அவர்களுக்கு அது தங்கட பிரச்சினையாகத் தெரியவில்லை.

எங்கட மலையகத்தில் இன்னொரு கூத்து. தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளம் செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) எழுதியிருக்கும், ஒரு சதம் மறைக்க ஏலாது. வீட்டில் உழைக்கிற எல்லார் பேரும் அதே புத்தகத்தில். டவுனில் கடை வைத்திருக்கிற முதலாளி தன் வருமானம் இவ்வளவு என்று சொன்னால் அதுதான் கணக்கு. வருமானத்தை வைத்து ஆள் பிரித்தால் யார் மாட்டிக்கொள்வது, யார் தப்புவது என்று நீங்களே பாருங்கள்.

2023இல் அஸ்வெசும என்று புது நலன்புரி உதவித் திட்டம் வந்தபோது கணினியில் புள்ளி போட்டுத்தான் தெரிவு செய்தார்கள். லட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. எங்கட லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரே சுவரைப் பங்கு போடுகிற இரண்டு வீட்டில் ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்கு இல்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை, ஒரே ஒழுக்கு.

#7 கணக்கு முக்கியம்

அட்டன் தம்பி, வந்ததற்கு நன்றி, முத்திரை விலை உறைந்துபோன விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் அது திட்டத்தை வடிவமைத்ததில் இருந்த குறை. விலைவாசிக்குத் தகுந்தாற்போல் முத்திரை மதிப்பை ஏற்றும்படி சட்டத்திலேயே எழுதியிருக்கலாமே.

#8 அட்டன் தம்பி

எழுதியிருக்கலாம் அண்ணை. எழுதச் சொல்லி நெருக்குவதற்கு ஆள் வேண்டுமே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

#9 மாடிவீட்டு அம்மா

எல்லோரும் அரிசியைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் ஆயிரம் ரூபாயைப் பற்றிச் சொல்கிறேன், இரண்டும் ஒன்றுதான்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்தது, குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அதற்கு நிபந்தனைகள் போட்டார்கள். குடும்ப வருமானம் வருடம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை ஐந்து ஏக்கர், புஞ்சை பத்து ஏக்கருக்குள், வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம். நாங்கள் வாடகைக்கு மாடியில் இருக்கிறோம். வீட்டுக்காரர் தனி மீட்டர் போடவில்லை, கீழே இரண்டு குடித்தனம், மேலே நாங்கள், மூன்று வீட்டுக்கும் ஒரே மீட்டர். அந்த மீட்டர் 3,600ஐத் தாண்டிவிட்டது, எங்கள் மனு தள்ளுபடி. என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், அதுவும் வாடகை ஆட்டோ.

மேல்முறையீடு 30 நாளுக்குள் இ-சேவை மையத்தில் போடச் சொன்னார்கள், கோட்டாட்சியர் பார்ப்பாராம். போட்டேன். ஒரு நாள் கூலி போனதும், கைக்குழந்தையோடு வரிசையில் நின்றதும்தான் மிச்சம். மொத்தம் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்து 1 கோடியே 6 லட்சம் பேருக்குக் கிடைத்தது. மீதிப் பேரில் உண்மையிலேயே வசதியானவர்கள் இருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. என்னைப் போல மீட்டரில் மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறோம்.

பணத்தைவிட இன்னொன்று வலித்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது, எனக்கு இல்லை, அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு கொஞ்சம் குறைந்துவிட்டது. அவள் மேல் தப்பே இல்லை.

நான் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவள். 1982இல் எம்.ஜி.ஆர். அதை ஆரம்பித்தபோது பணத்துக்கு எங்கே போவது என்று எத்தனை பேர் கேட்டார்களாம், அப்பா சொல்வார். மணியடித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் உட்காருவோம், எங்கள் வீட்டில் என்ன வருமானம் என்று ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. இப்போது என் மகனுக்குப் பள்ளியில் காலை உணவும் கிடைக்கிறது. அதற்கும் நான் எந்த அலுவலகத்துக்கும் போய் நிற்கவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறினாலும் அப்படித்தான், பெண் என்றால் டிக்கெட் இலவசம், முடிந்தது. ஒரே அரசாங்கம்தான் இத்தனையும் செய்கிறது, ஆனால் ஒன்றில் மட்டும் நான் ஏழை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது, அதில் தோற்றுவிட்டேன்.

#10 தராசுக்காரர்

அம்மா, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். 2025 ஜூலையில் "உங்களுடன் ஸ்டாலின்" முகாம்களில் திரும்பவும் விண்ணப்பம் வாங்கினார்களே, அதில் போட்டீர்களா? போடவில்லை என்றால் இ-சேவையில் விசாரியுங்கள். வீட்டுக்காரரிடம் ஒரே மீட்டர்தான் என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இழையில் யாரும் சொல்லாத ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று ஆகும். ரேஷன் அரிசி கடத்தல் உண்மை. ரயிலில் எல்லை தாண்டிப் போகிறது, கோழித் தீவனத்துக்குப் போகிறது, மாவு மில்லுக்குப் போகிறது. வாங்காதவர்கள் பெயரில் பில் போட்டு வெளியே விற்கிற விற்பனையாளர்களும் இருந்தார்கள், என் கூடவே வேலை பார்த்தார்கள். 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்து, பில் போட்டால் போனுக்குக் குறுஞ்செய்தி போகத் தொடங்கியதும் கொஞ்சம் அடங்கியது, முழுதாக நிற்கவில்லை. நான் இருந்த காலத்தில் கிடங்கிலிருந்து வருகிற 50 கிலோ மூட்டையில் இரண்டு மூன்று கிலோ குறைவாகத்தான் வரும், கேட்டால் சாக்கு எடை என்பார்கள், அந்தக் குறைவை நான் யார் தலையில் கட்டுவது? கணக்கு முக்கியம் தம்பி, உங்களுக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. வாத்தியார் வீட்டில் இட்லிக்குப் போகிற அரிசியைவிட இந்த ஓட்டை பெரிது.

#11 கணக்கு முக்கியம்

ஐயா, அதை ஒத்துக்கொள்கிறேன். மாடிவீட்டு அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். மின் இணைப்பு எண்ணை வைத்துப் பிரிக்கலாம் என்று மேலே எழுதியது நான்தான், ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனாலும் பணக் கேள்வியை விட மாட்டேன். 2024-25இல் உரிமைத் தொகைக்கு மட்டும் 13,720 கோடி ஒதுக்கினார்கள். எல்லோருக்கும் கொடு என்றால் அது எங்கேயோ போய் நிற்கும். அரிசி விஷயத்தில் வாதத்தை ஏற்கிறேன், ஏனென்றால் புழுங்கல் அரிசிக்காக வரிசையில் நிற்க விருப்பம் இல்லாதவர் தானாகவே விலகிவிடுகிறார், சாதாரண டவுன் பஸ்ஸும் அப்படித்தான். கையில் ரொக்கம் என்றால் யாரும் விலக மாட்டார்கள். 2019 நவம்பரில் சர்க்கரை கார்டை (அரிசிக்குப் பதில் சர்க்கரை கூடுதலாகக் கிடைக்கிற கார்டு) அரிசி கார்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவித்தபோது எங்கள் தெருவில் மாற்றியவர்களெல்லாம் அரிசி கார்டுக்குக் கிடைக்கிற பொங்கல் பணத்துக்காகத்தான் மாற்றினார்கள். அதனால் எதை எல்லோருக்கும் கொடுப்பது, எதை அப்படிக் கொடுக்க முடியாது என்று பொருளுக்குப் பொருள் யோசிக்க வேண்டும். வசதியானவரிடமிருந்து வாங்க வேண்டியதைச் சொத்து வரியிலும் பத்திரப் பதிவிலும் ஒழுங்காக வாங்கினால் அரிசியில் பிடிக்கத் தேவையே இல்லை, அங்கே நம்மிடம் ஏகப்பட்ட ஒளிவுமறைவு இருக்கிறது.

#12 எல்லைப் பாலக்காடு

கடைசியில் சொன்னதுதான் சரியான இடம். கொடுக்கும்போது சோதிப்பதைவிட வாங்கும்போது சோதிப்பது நல்லது. பத்து லட்சத்துக்கு வாங்கிய மனையை மூன்று லட்சம் என்று பதிகிறவரை யாரும் வரிசையில் நிற்க வைத்து ஏழ்மைச் சான்று கேட்பதில்லை.

#13 பீளமேட்டுக்காரன்

இரண்டு நாள் கழித்து வருகிறேன். தராசுக்காரர் ஐயா சொன்னபடி கார்டுகளைப் பார்த்தேன்.

எங்கள் கார்டில் பி.எச்.எச். என்று இருக்கிறது. முன்னுரிமைக் குடும்பம். அக்காவின் கார்டில் என்.பி.எச்.எச்., முன்னுரிமை இல்லாத குடும்பம். 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தபோது பிரித்த பிரிவு இது என்று இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். முன்னுரிமை என்றால் தலைக்கு 5 கிலோ, அந்த அக்காவுக்கு 30 கிலோ வந்திருக்க வேண்டும். என்.பி.எச்.எச். என்பதால் 20க்கு மேல் கிடையாது. எங்கள் வீட்டில் நாலு பேர் என்பதால் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியாமலே இத்தனை வருடம் போயிருக்கிறது.

அப்பா ஓய்வு பெற்ற காலத்துக் கணக்கை வைத்து எங்களை ஏழையாகப் போட்டார்களோ என்னவோ. அந்த அக்கா அப்போது வேறு வாடகை வீட்டில், திருப்பூர் பக்கம் இருந்தாராம்.

நான் முதல் பதிவில் கேட்ட பட்டியல் ஏற்கெனவே எடுத்து முடித்தாகிவிட்டது, அதில் மேலே நான், கீழே அவர். மாநில அரசு தன் செலவில் என்.பி.எச்.எச். காரர்களுக்கும் அரிசி கொடுப்பதால்தான் அவர் வீட்டில் 20 கிலோவாவது வேகிறது. இல்லையென்றால் அந்தப் பட்டியலின்படி எனக்கு மட்டும்தான் வந்திருக்கும், அவருக்கு ஒன்றும் இல்லை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

ஐயா, இப்போது என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள். எங்கள் கார்டை மாற்றிக்கொள்கிறோம். அவருடையதை முன்னுரிமைக்கு மாற்ற முடியுமா?

#14 தராசுக்காரர்

தம்பி, உங்களுடையதைப் பொருள் இல்லா அட்டையாகவோ சர்க்கரை அட்டையாகவோ மாற்றுவது சுலபம், வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுத்தால் போதும். அவருடையதுதான் கஷ்டம். மனு கொடுக்கலாம், விசாரணைக்கு ஆள் வரும், ஆனால் அவர் பகலில் உங்கள் வீட்டைப் போல நாலு வீட்டில் வேலைக்குப் போயிருப்பார், வீடு பூட்டியிருக்கும். முன்னாலேயே எழுதினேன் அல்லவா.

அதனால் மனுவில் உங்கள் போன் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள், விசாரணைக்கு வருகிறவர் கூப்பிட்டால் அந்த அக்காவை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கும், அங்கேயே அவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போவது இன்னும் நல்லது. கார்டு, ஆறு பேரின் ஆதார், வாடகை ஒப்பந்தம் இருந்தால் அது. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

#15 பீளமேட்டுக்காரன்

வருகிற முகாமுக்கு அவரோடு போகிறேன் ஐயா. அன்றைக்கு வேறு மூன்று வீட்டில் அவருக்கு வேலை இருக்கிறது, அந்த வீடுகளுக்கு நானே போன் செய்து லீவு சொல்லிவிட்டேன். நடந்ததை வந்து எழுதுகிறேன்.